கட்டானும் கட்டுமாவடியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கட்டுமாவடியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரேயொரு பகுதி, அதைப் பார்த்தவன் நெஞ்சில் என்ன செய்தது என்பதே இன்றைய உரையின் பொருள். அதுவும் அறிவியல் புனைகதைத் தொடர், அயல்மொழித் தொடர். இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் இங்கும் இருக்கக்கூடும். அவர்கள் சுளிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தொலைக்காட்சி வந்த பிறகு வாசகசாலைகள் காலியாயின என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் ஒரு படைப்பு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன், அது மனிதனை என்ன செய்தது என்று கேட்பது தமிழ்க் கவிதையியலுக்குப் பழக்கமான முறை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்று ஓர் இயலே வகுத்தவர்.

1992ஆம் ஆண்டு சூன் முதல் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பான பகுதி அது. தொடரின் பெயர் 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. பகுதியின் பெயர் 'தி இன்னர் லைட்', தமிழில் உள்ளொளி எனலாம். கதையை எழுதியவர் மார்கன் கெண்டல். தலைப்பு, ஜார்ஜ் ஹாரிசன் இயற்றி 1968இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட பாடலின் பெயர். அந்தப் பாடலுக்கு மூலம் சீனத்துத் தாவோ நூல். ஒரு வானூர்திக் கதைக்கு இப்படிக் கிழக்கிலிருந்து பெயர் போய்ச் சேர்ந்தது வியப்புக்குரியது.

கதை இது. எண்டர்பிரைஸ் என்னும் விண்கலம் வழியில் ஒரு சிறு ஆய்கலத்தை எதிர்கொள்கிறது. ஆளில்லாத, பழமையான, யார் அனுப்பியது என்று தெரியாத பொருள். அதிலிருந்து ஒரு கதிர் பாய்கிறது. கலத்தின் தலைவன் பிக்கார்ட் நின்ற இடத்திலேயே மயங்கி விழுகிறான். கண் விழிக்கும்போது அவன் வேறோர் ஊரில் இருக்கிறான். ஊரின் பெயர் ரெஸ்ஸிக். அது கட்டான் என்னும் கோளில் உள்ளது. அருகில் ஒரு பெண். தான் அவன் மனைவி ஈலின் என்கிறாள். அவன் பெயர் காமின் என்கிறாள். இரும்பு நெய்யும் தொழிலாளி, காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்திருக்கிறான் என்கிறாள். அவன் நம்பவில்லை. ஊரைச் சுற்றி வருகிறான். வானத்தைப் பார்க்கிறான். தன் கலத்தைப் பற்றிச் சொல்கிறான். ஊரார் அன்போடு கேட்டுக்கொள்கிறார்கள்; காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆண்டுகள் செல்கின்றன. மெல்ல மெல்ல அவன் அந்த ஊர்க்காரன் ஆகிறான். ஈலினை மெய்யாகவே மனைவியாக ஏற்கிறான். ஒரு மகள், ஒரு மகன். இறந்துபோன நண்பன் படாயின் பெயரையே மகனுக்கு வைக்கிறார்கள். குழல் ஊதக் கற்றுக்கொள்கிறான்; முதலில் தடுமாற்றமாக, பின்பு இயல்பாக. அந்த ஊரில் மழை குறைந்துகொண்டே வருகிறது. ஊர் நடுவில் ஒரு சிறு மரக்கன்று. குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அதற்கு மட்டும் நீர் ஊற்றுகிறார்கள். தொலைநோக்கி அமைத்து அவன் கணக்கிட்டுப் பார்க்கிறான். அவர்கள் கதிரவன் அழியப் போகிறது. அதோடு கோளும் அழியும். அதைத் தடுக்க எவராலும் இயலாது. ஈலின் இறக்கிறாள். மகள் வளர்ந்து அறிவியல் கற்று, தந்தை அறிந்ததைத் தானும் அறிகிறாள். கிழவனான காமின் பேரனோடு வெயிலில் அமர்ந்திருக்கிறான்.

ஒருநாள் ஊரே திரண்டு ஒரு கலம் ஏவப்படுவதைப் பார்க்கச் செல்கிறது. எந்தக் கலம் என்று கிழவன் கேட்கிறான். அப்போது இறந்துபோன நண்பனும் இறந்துபோன மனைவியும் இளமைக் கோலத்தில் அவன் முன் நிற்கிறார்கள். அந்தக் கலத்தை நீ முன்பே பார்த்திருக்கிறாய் என்கிறார்கள். தாங்கள் அழிந்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது; தங்களைப் பற்றி யாரேனும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று அனுப்பிய ஆய்கலம் அது; அந்த ஒருவன் நீதான் என்பது அவர்கள் கூற்றின் சாரம். பிக்கார்ட் தன் கலத்தில் கண் விழிக்கிறான். அங்கே கடந்திருப்பது ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். அவன் வாழ்ந்து வந்தது ஏறக்குறைய நாற்பது ஆண்டு. ஆய்கலத்தைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது ஒரு சிறு பெட்டி; பெட்டியில் அவன் ஊதிய குழல். கடைசிக் காட்சியில் உரையாடல் இல்லை. அவன் குழலை மார்போடு அணைத்துக்கொள்கிறான். பிறகு சாளரத்தின் முன் நின்று ஊதுகிறான். அவ்வளவே.

காமினின் மகனாக நடித்தவர் நடிகர் பாட்ரிக் ஸ்டுவர்ட்டின் சொந்த மகன் டேனியல் என்பதும் நினைவில் வைக்கத் தகும். பொய்க்குள் ஒரு மெய் எங்கோ ஒளிந்திருந்தால் காட்சி தனிக் கனம் பெறுகிறது போலும்.

இனிச் சுவைஞனைப் பார்ப்போம். இந்தப் பகுதியைப் பார்த்து முடித்தவர்கள் கைதட்டுவதில்லை, கூவுவதில்லை. சிறிது நேரம் பேசாமல் இருக்கிறார்கள். அடுத்த நிகழ்ச்சியைக் காணப் பிடிப்பதில்லை. அருகில் இருப்பவர் ஏதேனும் கேட்டால் எரிச்சல் வருகிறது. பொறி வழி நுகர்ந்தது உள்ளத்தில் குறிப்பாகி, பின்பு கண்ணீர் அரும்பலும் மெய்ம்மயிர் சிலிர்த்தலுமாக உடம்பில் வெளிப்படும் என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் வகுத்துக் காட்டிய படிநிலையை இங்கே எழுத்துக்கு எழுத்து காணலாம். நடிப்பவனுடைய நிகழ்வு காண்போனிடத்தும் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்று செயிற்றியனார் சொன்னதாக இளம்பூரணர் எடுத்துக்காட்டுவார். கூத்துக்களத்தில் எதிரே ஆடும் கூத்தனை எண்ணிச் சொல்லப்பட்ட விதி, கண்ணாடித் திரைக்குப் பின்னால் என்றோ நடித்து முடித்த நடிகனுக்கும் பொருந்துகிறது.

இங்கே பிறப்பது எந்த மெய்ப்பாடு? வேற்றுக்கோள், கதிர், ஆய்கலம் எல்லாம் இருப்பதால் மருட்கை என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். புதுமையும் பெருமையும் மருட்கைக்கு நிலைக்களன் என்பது தொல்காப்பியர் கொள்கை; மிகச் சிறியதைக் கண்டாலும் வியப்புத் தோன்றும் என்பதும், ஒன்று மற்றொன்றாக ஆவதைக் கண்டாலும் தோன்றும் என்பதும் அவர் கொள்கையே. அறிவியல் புனைகதை எழுதுவோர் பெரும்பாலும் முதலிரண்டையே நம்பிப் பிழைக்கிறார்கள். பெரிய கலம், பெரிய வெடி, புதிய விலங்கு. இந்தப் பகுதியோ கடைசி இரண்டையே கையாள்கிறது: பெட்டிக்குள் அடங்கும் ஒரு குழல், ஒருவன் மற்றொருவனாக ஆதல். அந்த மருட்கை காட்சி நடக்க நடக்க இழவைப் பற்றிய அழுகையாகக் கனிகிறது. விண்கலத்துக் கதை என்று அமர்ந்தவன், கையறுநிலையைக் கேட்டு எழுகிறான். வேந்தன் இறந்தபின் பாணனும் புலவனும் பாடும் துறை அது. இங்கே பாடப்படுவது ஒரு வேந்தன் அல்லன், ஓர் ஊர் முழுதும். பாடுவோனோ அந்த ஊரின் கடைசிக் குடிமகன். கவிஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது.

தமிழில் இத்தகைய அனுபவம் அறவே இல்லாததன்று. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் நாடகத் தொடராகவும் வந்தது. ஜீவா என்னும் ஆட்சியாளனின் நாடு. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். நிலா என்னும் எளிய பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் அந்த ஆட்சியின் உள்ளே நுழைந்து பார்க்கிறார்கள். அஞ்சி நடுங்கிய அந்தத் தலைவன் வெறும் ஒளியால் சமைத்த உருவம் என்று வெளிப்படும் கட்டம் தமிழ் அறிவியல் புனைகதையின் மிக வலிய கட்டங்களுள் ஒன்று. அங்கே காண்போன் அடைவது அச்சம், அச்சம் நீங்கிய பின் ஒருவகை நாணம். ஒளிக்கு இத்தனை நாள் கை கூப்பினோமே என்னும் நாணம். தமிழ்ச் சுவைஞர் நெஞ்சில் ஆண்டுகள் கடந்தும் நின்றது அந்தத் திருப்பமா என்றால், இல்லை. புத்தகம் படித்து நையாண்டி பேசும் நாய்தான் நின்றது. ஜீனோவை நினைவுகூரும் வாசகருள் பலருக்குக் கதையின் முடிவு நினைவில் இல்லை. இது சுஜாதாவின் வெற்றியா தோல்வியா என்பதை அவரவர் முடிவுக்கு விடலாம். நகை எளிதில் நிற்கிறது, அச்சம் கரைந்துவிடுகிறது.

இந்தக் கரைக்கும் திரைக்கும் உள்ள உறவே தனியானது. 1982இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபின், பாக் நீரிணைக்கு இப்பாலுள்ள தமிழகக் கரையோரத்தார் பலர் உயரக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி வைத்து அதைப் பார்த்தனர். சென்னை ஒளிபரப்பு இப்பகுதிகளுக்கு எட்டாத காலம். வாடை வீசினால் படம் ஆடும். மூட்டம் போட்டால் புள்ளிபுள்ளியாகும். கடல் மேல் வானம் தெளிந்த இரவில் துலங்கும். முழுதும் விளங்காத மொழியில், கடல் கடந்து வரும் ஓர் உருவத்தை உற்றுப் பார்த்து, அதன் முகக் குறிப்பிலிருந்தே கதையை ஊகித்தவர்கள் அவர்கள். யாரென்று தெரியாத மக்கள் அனுப்பிய ஒளியைப் பிடித்துப் பொருள் கொள்வது எண்டர்பிரைஸ் கலத்தார்க்கு வேண்டுமானால் புதிதாக இருக்கலாம்.

மீண்டும் குழலுக்கு வருவோம். 1993இல் அந்தப் பகுதிக்கு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. நாடக வடிவுக்கான அவ்விருது தொலைக்காட்சிப் பகுதி ஒன்றுக்குக் கிடைத்து அதுகாறும் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது; 1968இல் பழைய ஸ்டார் டிரெக்கின் ஒரு பகுதி பெற்றதே அதற்கு முந்தியது. விருது அறிஞர் தருவது, அல்லது அன்பர் வாக்களித்துத் தருவது. 2006இல் நடந்ததுதான் சுவைஞரின் நெஞ்சை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. அவ்வாண்டு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஸ்டார் டிரெக் பொருள்களை ஏலம் விட்டது. பெரிய கலத்தின் மாதிரி, உடைகள், நாற்காலிகள் எனப் பலவும் இருந்தன. அவற்றோடு அந்தக் குழலும். அது ஊதினால் ஒலிக்காத நாடகப் பொருள். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்காக ஏறி, 48,000 டாலருக்குப் போயிற்று.

ஒலிக்காத குழலுக்கு 48,000 டாலர்! இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. சிரிப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வாங்கியவன் வாங்கியது பித்தளையையா, கட்டான் என்னும் இல்லாத ஊரின் ஒரே எச்சத்தையா? கதையின்படி அந்த ஊரின் எல்லாமும் எரிந்துவிட்டன, மிஞ்சியது அதுதான். கதையை நம்பாத ஒருவன் அதை வாங்கியிருக்க மாட்டான். கதையை முழுக்க நம்பிய ஒருவனும் வாங்கியிருக்க மாட்டான், ஏனெனில் குழல் பிக்கார்டிடம் அல்லவா இருக்கிறது! நம்பிக்கைக்கும் நம்பாமைக்கும் இடையில் உள்ள இந்த இடத்தில்தான் கவிதையும் வாழ்கிறது.

ஆனால் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆய்கலம் அயலான் ஒருவனின் மனத்தை அவன் இசைவின்றிப் பிடித்துக்கொள்கிறது. நாற்பது ஆண்டு வாழ்வை, மனைவியை, மக்களைத் தந்து, பிறகு அவர்கள் யாவரும் இறந்தவர்கள் என்று சொல்லி விட்டுவிடுகிறது. நினைவில் வாழும் ஆசை அழிந்தவர்களுக்கு நியாயமானதே. அதற்காக உயிரோடிருப்பவன் மேல் இத்தனைப் பாரத்தை ஏற்றலாமா என்ற கேள்வியைக் கதை எழுப்பவில்லை. அடுத்ததாக ஒளிபரப்பான பகுதியில் பிக்கார்ட் வழக்கமான பிக்கார்டாகவே வருகிறான். பின்னொரு பகுதியில், 1993இல், குழலை மீண்டும் எடுத்து ஊதுகிறான் என்பது உண்மை. என்றாலும், ஒரு மனைவியைப் புதைத்தவனின் துயரத்தை வாரத் தொடரின் இலக்கணம் தாங்கவில்லை. இதை எழுத்தாளனின் குற்றம் என்பதைவிட அந்த வடிவத்தின் குற்றம் எனலாம்.

ஒரு நாகரிகம் தன் நினைவை விண்ணில் ஏவுவது வெறும் கற்பனையும் அன்று. 1977இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் கலங்களிலும் பொன் முலாம் பூசிய இசைத்தட்டு ஒவ்வொன்று உண்டு. கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானி இசையும் அதில் சென்றது. 55 மொழிகளில் வாழ்த்துரை பதிந்தார்கள். இந்தி, வங்காளம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, ஒரியா உண்டு, தெலுங்கும் கன்னடமும் உண்டு, சிங்களம் உண்டு. வழக்கொழிந்த சுமேரியமும் அக்காடியமும்கூட உண்டு. தமிழ் இல்லை. குறுகிய காலத்தில், கைக்கு எட்டிய பேச்சாளர்களைக் கொண்டு தொகுத்தார்கள் என்பதால், இதில் சதி தேட வேண்டியதில்லை. ஆயினும் 2012இல் கதிரவக் காற்றின் எல்லையைக் கடந்து சென்ற வாயேஜர் ஒன்றில் தமிழின் ஒரு சொல்லும் இல்லை என்பது தமிழ்க் கவிஞர் கூடிய அவையில் சொல்லாமல் விடக்கூடிய செய்தி அன்று.

தமிழுக்கு வாய்த்த ஆய்கலம் பனையோலை. கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பி வந்த சில கட்டுகளை உ. வே. சாமிநாதையர் தேடி எடுத்தார். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அச்சேற்றினார். ஓர் ஊரின் ஒலி, மணம், சண்டை, விருந்து, இறப்பு எல்லாம் ஈராயிரம் ஆண்டு கடந்து ஒரு தனிமனிதன் மேல் வந்து விழுந்தன. அவரும் ஒருவகையில் காமின்தான். அவர் மேல் பாய்ந்த கதிர் அவரை விடவே இல்லை. கடல் கொண்ட காவிரிப்பூம்பட்டினம் பற்றி மணிமேகலை வழியே அறிகிறவன், கட்டானைப் பற்றித் திரை வழியே அறிகிறவனோடு ஒரே திண்ணையில் அமரக்கூடியவன்.

கடல் கொண்ட ஊருக்கு அத்தனை தொலைவு போகவும் வேண்டியதில்லை. 1964 திசம்பர் 22, 23 இரவில் தனுஷ்கோடி அழிந்தது. தொடர்வண்டியோடு மனிதரும் போயினர். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டமும் சிதைந்தது. தென்னை சாய்ந்ததையும் படகுகள் நொறுங்கியதையும் இந்த அவைக்கு விரித்துரைக்க வேண்டா. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தொலைக்காட்சித் திரைகள் எல்லாம் இருண்டு கிடந்த அந்த நாட்களில், அழிவு இந்த முறை திரைக்கு வெளியே இருந்தது. அதைப் பற்றிக் கவிதைகள் வந்தன. பெரும்பாலானவை மரங்களை எண்ணின. ஊரின் ஒலியைப் பிடித்தவை மிகச் சில.

இந்தக் கரையின் குழல் எது? அம்பாப் பாட்டு என்பது ஒரு விடையாகலாம். வலை இழுக்கும்போதும் தண்டு வலிக்கும்போதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் பாட்டு. ஏலேலோ என்னும் சொல் அதில் பொருளுக்காக வருவதில்லை, இழுப்புக்காக வருகிறது. இயந்திரப் படகு வந்தது, தண்டு போயிற்று. எஞ்சின் இரைச்சலில் எடுத்துக் கொடுப்பவன் குரல் கேட்காது. கேட்கத் தேவையும் இல்லை. கச்சான், கொண்டல், சோழகம், வாடை என்று காற்றுகளுக்குப் பெயர் வைத்திருந்த வாய், இன்று கருவியில் எண்ணைப் பார்த்துத் திசை சொல்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. பாட்டைக் காப்பாற்றுவதற்காக ஒருவன் கை நோகத் தண்டு வலிக்க வேண்டும் என்று கேட்பது கவிஞனின் கொடுமை.

ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லோரும் முதியவர்கள். கட்டானின் மக்கள் ஒரு கலம் செய்து ஏவ வேண்டியிருந்தது. இங்கே ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. மணமேல்குடி முதல் சேதுபாவாசத்திரம் வரை உள்ள கரையில் எத்தனை வகை அம்பா உண்டு, கரைவலைக்கு எது, படகைக் கரை ஏற்றுவதற்கு எது, எந்தச் சொல் எந்த ஊரில் மாறுகிறது என்பதை இந்த வட்டம் தன் அடுத்த ஆண்டுகளில் தொகுக்கலாம். கவியரங்கத்துக்கு ஒதுக்கும் நாட்களில் பாதி போதும்.

அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இத்தகைய பாட்டை நாற்காலியில் அமர்த்தி, நீர் கொடுத்து, பாடுங்கள் ஐயா என்றால் வராது. இரண்டடி வரும், பிறகு சொல் மறந்துபோகும். அந்தப் பாட்டின் சொற்கள் பாதி நெஞ்சிலும் பாதி தோளிலும் இருக்கின்றன. கையில் கயிறும் கயிற்றின் மறுமுனையில் பாரமும் இருந்தால்தான் மூன்றாம் அடி வரும். ஆகவே பதிவுக்கு முன் ஒரு கரைவலையும், இழுக்கப் பத்துப் பன்னிரண்டு பேரும் வேண்டும். எடுத்துக் கொடுக்கும் முதியவர் முதல் ஆளாக நிற்கட்டும். பின்னால் கயிற்றைப் பிடிக்கக் கவிஞர்கள் வரட்டும்.